விழுங்கிய கூந்தல்

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2024 பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் இரைப்பையிலிருந்து டாக்டர்கள் ஆபரேஷன் செய்து எடுத்த உருண்டை சுமார் 2 கிலோ இருந்தது. நீளம் 30 செ.மீ., அகலம் 15 செ.மீ. அது புற்றுநோய்க் கட்டி அல்ல, தலைமுடி. பல காலமாக அவள் கடித்து விழுங்கிய முடி, சளியோடும் உணவோடும் சேர்ந்து இறுகி, இரைப்பையின் வடிவத்தை அச்சு வார்த்ததுபோல உட்கார்ந்திருந்தது. ரத்தசோகையும் பசியின்மையும்தான் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தன. முடியைப் பற்றி யாரும் சந்தேகப்பட்டிருக்கவில்லை.

இது தனிக் கதை அல்ல. 2020 ஜனவரியில் கோவைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ முடியும், அதோடு காலி ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுக்கப்பட்டன. 2021இல் லக்னோவில் 17 வயதுப் பெண்ணுக்கு 2 கிலோ. அமெரிக்காவின் சிகாகோவில் 18 வயதுப் பெண்ணிடமிருந்து எடுத்த 4.5 கிலோ உருண்டையின் படம் 2007இல் பிரபல மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகைகள் எடையைச் சொல்கின்றன, நீளத்தைச் சொல்கின்றன, எஃகுத் தட்டில் கிடக்கும் கறுப்பு உருண்டையின் படத்தைப் போடுகின்றன. 'நோயாளி நலமாக இருக்கிறார்' என்ற வாக்கியத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. உருண்டை போய்விட்டது, உண்மைதான். முடியைப் பிய்த்து வாயில் போட்ட கை அப்படியே இருக்கிறது. அந்தக் கையைப் பற்றிப் பேச யாரும் தயாராக இல்லை என்பதுதான் இந்த நோயின் பாதிச் சிக்கல்.

முதலில் வயிற்றில் நடப்பதைப் பார்ப்போம். சாப்பாட்டோடு தவறிப்போய் ஒன்றிரண்டு முடி உள்ளே போகாதவர் யாரும் இல்லை. அது மலத்தோடு வெளியேறிவிடும். கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நீளமான முடி தினமும் போனால் கதை வேறு. முடியில் இருப்பது கெரட்டின் என்ற புரதம். நமது ஜீரண நீர்களால் அதைக் கரைக்க முடியாது. முடி வழவழப்பானது என்பதால், இரைப்பை சுருங்கி விரிந்து உணவைத் தள்ளும்போது இது மட்டும் நழுவிப் பின்தங்கிவிடுகிறது. இரைப்பைச் சுவரின் மடிப்புகளில் சிக்கிக்கொள்கிறது. அடுத்து வரும் முடி அதைச் சுற்றிக்கொள்கிறது. மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து அது ஒரு பந்து. அமிலம் பட்டுப் பட்டு, தலையில் எந்த நிறத்தில் இருந்தாலும் வயிற்றில் அது கறுப்பாகிவிடுகிறது. இடையில் சிக்கிய உணவும் கொழுப்பும் அழுகுவதால் வாயில் துர்நாற்றம் வீசும்.

இரைப்பையில் இடம் இல்லாததால் நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். பிறகு குமட்டல், வாந்தி, எடைக் குறைவு, ரத்தசோகை. உருண்டை உரசி உரசி இரைப்பையில் புண் ஏற்படலாம், ரத்தம் கசியலாம், சுவர் ஓட்டையாகிவிடலாம். 2017இல் இங்கிலாந்தில் 16 வயது மாணவி ஒருத்தி இப்படித்தான் வயிற்றுக்குள் கிருமி பரவி இறந்துபோனாள்.

சிலருக்கு உருண்டைக்கு வால் முளைக்கிறது. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் வரை முடிக் கயிறு இறங்கிவிடும். 1968இல் மூன்று டாக்டர்கள் இதை விவரித்து, ரபுன்ஸெல் நோய் என்று பெயர் வைத்தார்கள். கோபுரத்தில் அடைபட்டு, ஜன்னல் வழியே நீண்ட கூந்தலைத் தொங்கவிடும் பெண்ணின் கதை ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. பெயர் அழகாக இருக்கிறது. நோய் அப்படி இல்லை. குடல் அடைத்துக்கொள்ளலாம், ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளலாம், கணையம் வீங்கலாம்.

வயிற்றில் உருளும் இந்தப் பொருளுக்கு ஒரு காலத்தில் ஏக மரியாதை இருந்தது என்பது வேடிக்கை. ஆடு போன்ற விலங்குகளின் வயிற்றில் உண்டாகும் உருண்டைக் கல் விஷத்தை முறிக்கும் என்று நம்பினார்கள். பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெஸோவர் என்ற அதன் பெயருக்கே விஷமுறிப்பான் என்றுதான் பொருள். கோவாவில் 1563இல் கார்சியா த ஓர்த்தா அச்சிட்ட மருந்து நூலில் இந்தக் கல்லுக்குத் தனி இடம் உண்டு. நம் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். இதற்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். இன்று டாக்டர்கள் முடி உருண்டையைக் குறிக்கவும் அதே பெஸோவர் என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முடியைப் பிய்க்கும் பழக்கத்துக்கு 1889இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹாலபோ வைத்த பெயர் டிரைக்கோடில்லோமேனியா. பெயரில் 'மேனியா' இருந்தாலும் இது பைத்தியம் அல்ல. கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற கட்டாய எண்ண நோய்களின் குடும்பத்தில் இதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் சேர்த்தது. நகம் கடிப்பது, தோலைக் கிள்ளுவது ஆகியவை இதன் நெருங்கிய சொந்தங்கள். மேல்நாட்டு ஆய்வுகளின்படி நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கலாம். பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது.

ஏன் பிய்க்கிறார்கள்? எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. பரீட்சைப் பயம், வீட்டில் சண்டை, ஒரு மரணம், தனிமை இவற்றில் ஏதோ ஒன்று தூண்டியிருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் வரலாம். மனதுக்குள் ஒரு இறுக்கம் ஏறிக்கொண்டே போகும், ஒரு முடியைப் பிடுங்கியதும் சற்றே தளரும் என்று சிலர் சொல்கிறார்கள். இன்னும் சிலருக்குக் கை போவதே தெரியாது. டி.வி. பார்க்கும்போது, கணக்குப் போடும்போது, தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது விரல் தானாக உச்சந்தலைக்குப் போய்விடும். பிடுங்கிய முடியை உதட்டில் தடவிப் பார்ப்பது, வேரைக் கடிப்பது என்று தொடர்ந்து, ஒரு பகுதியினர் விழுங்கவும் செய்கிறார்கள். அவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் உருண்டை உண்டாகிறது. முடியைச் சுருட்டும் ஒவ்வொரு பெண்ணையும் ஸ்கேனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை.

உருண்டையோடு வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் இளம் பெண்கள். நீளமான கூந்தல் ஒரு காரணம். ஆனால் 1779இல் பொதமான் என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக எழுதிவைத்த நோயாளி 16 வயதுப் பையன். பையன்களுக்கு வராது என்று இருந்துவிட முடியாது. தலையில் கிராப்பு வெட்டிய குழந்தை பொம்மையின் முடியையும் கம்பளி நூலையும் அக்காவின் சீப்பில் சிக்கியதையும் விழுங்கியதுண்டு.

இனி, நம் ஊர்ப் பக்கம் வருவோம். தென்கோடியில் நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்துக் குடும்பங்கள் பெரிய வைத்தியம் என்றால் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகின்றன. 1956 வரை கன்னியாகுமரி மாவட்டம் அந்த ராஜ்யத்தோடுதானே இருந்தது! அங்கே 1951இல் தொடங்கிய மெடிக்கல் காலேஜ், அதை ஒட்டி எல்லோரும் 'எஸ்.ஏ.டி.' என்று சுருக்கிச் சொல்லும் தாய் சேய் மருத்துவமனை, அதே வளாகத்தில் 1987 முதல் இயங்கும் குழந்தை வளர்ச்சி மையம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம், மனநலம் ஆகிய மூன்றும் தேவைப்படும் இந்த நோய்க்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைப்பது கடினம்.

ஆனால் அந்த வளாகத்துக்கு வந்து சேர்வதற்கு முன் நோயாளி எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். உச்சியில் வழுக்கைத் திட்டு தெரிந்ததும் வீட்டில் சொல்வது 'புழுவெட்டு'. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். எண்ணெய் மாற்றுவார்கள். கேரளத்தில் காய்ச்சிய எண்ணெய்க்கு என்ன பஞ்சம்? புழுவெட்டில் திட்டு வழவழவென்று, ஓரம் வெட்டினாற்போல இருக்கும். பிய்த்த இடத்தில் அப்படி இருக்காது. குட்டையும் நெட்டையுமாக உடைந்த முடிகள் நின்றிருக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரு தோல் டாக்டர் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பல ஆபரேஷன்களைத் தவிர்த்திருக்கலாம்.

வயிற்று வலி வந்துவிட்டால் அடுத்த வாசல் தொக்கம் எடுப்பவர். குழந்தையின் வயிற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குழாய் வைத்து உறிஞ்சி, எதையோ துப்பிக் காட்டுகிற வைத்தியம். அப்படித் துப்பிக் காட்டுவதில் முடியும் இருப்பதுண்டு. பெரியவர்கள் என்றால் 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்ற பேச்சு. மலையாளத்தில் அதற்குக் 'கைவிஷம்' என்று பெயர். ஆலப்புழை மாவட்டத்தில் சேர்த்தலைக்குப் பக்கத்தில் உள்ள திருவிழா மகாதேவர் கோயிலில் பச்சிலை மருந்து கொடுத்துக் கைவிஷத்தை வாந்தியெடுக்க வைக்கும் வழிபாடே இருக்கிறது. நம்பிக்கையைக் கேலி செய்வது இங்கே நோக்கமல்ல. ஆனால் கவனியுங்கள்: வயிற்றில் ஏதோ உருண்டையாக இருக்கிறது என்ற பயம் நம் இரு மொழிகளிலும் பழையது. அதை வைத்தவர் யாரோ ஒரு பகையாளி என்பதும் பழையது. மாமியார், பங்காளி, ஒருதலைக் காதலன் என்று யாரை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம், குடும்பத்தின் மானம் போகாது. நானே என் கையால் போட்டுக்கொண்டேன் என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் சொல்வதற்குத்தான் நம் வீடுகளில் இடமே இல்லை. உறிஞ்சியும் வாந்தியெடுத்தும் ஒரு முடி உருண்டை வெளியே வராது. அதற்குள் நாள்தான் போகும்.

சொல்ல முடியாததால் அவள் மறைக்கிறாள். வகிட்டை மாற்றி எடுக்கிறாள். எந்நேரமும் தலையில் ஷாலோ ஸ்கார்ஃபோ கிடக்கிறது. முடி வெட்டும் கடைக்கு வர மறுக்கிறாள், தலையில் எண்ணெய் வைக்க அம்மாவை விடுவதில்லை. பிடுங்கிய முடி தரையில் கிடந்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்பதால் விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்போது திட்டுவது நோயை வளர்க்கிற காரியமாகிவிடுகிறது. 'மறுபடியும் தலையில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன்' என்று மிரட்டிய வீட்டில் முடி தரையிலிருந்து காணாமல் போகும். பழக்கம் நின்றுவிட்டது என்று அம்மா நிம்மதியடைவாள்.

வயிற்றில் மேல்பக்கம் கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்படும் நிலையில்தான் பலர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வாந்தியும் வயிற்றில் மேடும் என்றால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோருக்கு அந்தப் பயம் ஒன்று, புற்றுநோய் பயம் ஒன்று. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் முடி உருண்டை என்று சொல்லும்போது பலருக்கு அதுவே ஆறுதலாகிவிடுகிறது. 'அவ்வளவுதானே, எடுத்துவிடுங்கள்.'

எடுப்பது அநேகமாக வயிற்றைத் திறந்துதான். குழாய் விட்டு எடுக்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். 2010இல் வெளியான ஒரு ஆய்வு, 108 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்க முயன்றதில் நூற்றுக்கு ஐந்துதான் பலித்தது. வயிற்றைத் திறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பலித்தது. பழ நார் இறுகி உண்டாகும் உருண்டைகளைக் கோலா பானம் கொடுத்தே கரைப்பதுண்டு, முடியிடம் அது பலிப்பதில்லை. வால் இருந்தால் சிறுகுடல் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும். துண்டு ஒன்று தப்பினால் அது கீழே போய் அடைக்கும். அனுபவமுள்ள சர்ஜனுக்கு இது பெரிய கஷ்டமான ஆபரேஷன் அல்ல. சில நாட்களில் தையல் ஆறி, பசி வந்து, முகம் தெளிந்துவிடும்.

சிக்கல் தொடங்குவது டிஸ்சார்ஜ் அன்றுதான். மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறார்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஊளம்பாறை அப்படி. 1870இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பேரூர்க்கடைக்குப் பக்கத்தில் அங்கேதான் இருக்கிறது. இன்று அதன் பெயர் மனநல மையம். பெயர் மாறினாலும் ஊர் வாய் மாறவில்லை. கோபம் வந்தால் 'உன்னை ஊளம்பாறையில் சேர்க்க வேண்டும்' என்று சொல்லிப் பழகிய ஊரில், வளர்ந்த பெண்ணை மனநல டாக்டரிடம் கூட்டிப் போக எந்த அப்பா துணிவார்? நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா? மெடிக்கல் காலேஜிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, ஊளம்பாறைக்குப் போகவே வேண்டாம் என்று எடுத்துச் சொல்லவும் ஆள் தேவைப்படுகிறது. வயிற்றில் ஏழெட்டு அங்குலம் கிழித்துத் தைத்ததை உறவினரிடம் தயங்காமல் சொல்லும் குடும்பம், ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியதை மறைக்கிறது.

இந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டவர்களில் சிலர் திரும்ப வந்திருக்கிறார்கள், மறுபடி அதே உருண்டையோடு. மருத்துவ இதழ்களில் அப்படிப்பட்ட கதைகள் நிறைய உண்டு.

அந்த மேஜைக்கு எதிரே என்னதான் நடக்கும்? அதிர்ச்சி வைத்தியமும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த பழக்க மாற்றுப் பயிற்சிதான் இன்றும் முதல் சிகிச்சை. முதலில், கை எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருக்கும்போது தலைக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். அடுத்து, அந்த உந்துதல் வரும்போது கைக்கு வேறு வேலை: முஷ்டியை இறுக மூடி ஓரிரு நிமிடம் வைத்திருப்பது, பந்தைப் பிசைவது, நூல் கோர்ப்பது. மூன்றாவது, வீட்டில் ஒருவர் துணையாக இருந்து, தவறும்போது சத்தம் போடாமல் நினைவூட்டி, சமாளித்த நாளில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மன அழுத்தமும் பதற்றமும் கூட இருந்தால் அதற்குத் தனியாக மாத்திரை தேவைப்படலாம். முடி பிய்ப்பதை மட்டும் நிறுத்திவிடும் மாத்திரை என்று நிச்சயமாக எதையும் சொல்வதற்கில்லை. ரத்தசோகை இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். இரும்புச் சத்துக் குறைவுக்கும் சாப்பிடக் கூடாததைச் சாப்பிடுவதற்கும் தொடர்பு உண்டு என்பது டாக்டர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். மண் தின்னும் குழந்தை நமக்குப் புதிதா?

குணம் ஒரே வாரத்தில் வராது. பரீட்சை வரும்போது, வீடு மாறும்போது, கை மறுபடி மேலே போகும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் நோட்டை மீண்டும் எடுக்க வேண்டும். நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் வரும் இந்தப் பழக்கம் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பூப்படையும் பருவத்தில் வருவதுதான் நிலைத்துவிடுகிறது. எனவே அந்த வயதில்தான் கவனம் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சிரமமானவை அல்ல. பெண்ணின் தலையில் திட்டும், சாப்பாட்டில் குறைவும், அடிக்கடி வயிற்று வலியும் சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வயிற்றுக்கு ஒரு டாக்டர், முடிக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியாகப் போனால் இருவருக்கும் பாதிக் கதைதான் கிடைக்கும். 'முடி வாய்க்குப் போகிறதா?' என்று கேட்பதை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக, வேறு வேலை செய்துகொண்டே, பலருக்கும் இருக்கிற ஒன்றைக் கேட்பதுபோலக் கேளுங்கள். ஆம் என்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல் இருப்பதுதான் அந்த நிமிடத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம். பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டு மொட்டை போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். முடி மறுபடி வளரும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு: 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் உதவித் தொலைபேசி 14416 இயங்குகிறது. இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் இலவசம், தமிழிலும் பேசலாம். கேரளத்தில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் 'திசா' 1056 என்ற எண்ணும் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. ஊளம்பாறை வாசலில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லை.

கோழிக்கோட்டில் அந்த மாணவியின் வயிற்றிலிருந்து 2 கிலோவை எடுத்தாயிற்று. அதைச் சேர்ப்பதற்கு எத்தனை ஆயிரம் முறை அவள் கை தலைக்கும் வாய்க்கும் போய் வந்திருக்க வேண்டும்! பள்ளியில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், இருட்டிய அறையில். அத்தனை முறையில் ஒரு முறையாவது யாராவது பார்த்திருக்கத்தான் வேண்டும்.